மணி செய்த கைகள்

வட்டுக்கோட்டையின் பெயர் இரண்டு காரணங்களால் சரித்திர நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் அங்கே நிறுவிய செமினறி ஒன்று; தமிழர் ஐக்கிய விடுதலை முன்னணி 1976 மே மாதத்தில் அங்கே நிறைவேற்றிய தீர்மானம் மற்றொன்று. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள் இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசத்தக்கதுதானா என்று சிலர் ஐயுறக்கூடும். உள்ளங்கையில் நூறு அடங்கும் அளவு சிறியது அது: மண்ணிலும் கண்ணாடியிலும் கல்லிலும் செய்து, துளையிட்டு, நூலில் கோத்த மணி. ஆயினும், இந்த மணியை யார் செய்தார், எங்கே இருந்து செய்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தொடங்கினால், பெரிய சரித்திரங்கள் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று கண்ணுக்குப் புலனாகிறது.

வட்டுக்கோட்டையை அடுத்த அராலியில் வழுக்கையாறு கடனீரேரியில் கலக்கிறது. ஆறு என்ற பெயர் அதற்குச் சற்று மிகைதான். மாரிகாலத்தில் நீர் பெருகி ஓடும். கோடையில் வரண்ட பள்ளமாய்க் கிடக்கும். எனினும் சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறென்று சொல்லிக்கொள்ள வேறொன்று இல்லை. அதன் போக்கை எதிர்த்து மேலேறிச் சென்றால், சில மைல் தூரத்திலேயே கந்தரோடையை அடைகிறோம். ஆனைக்கோட்டையும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகள் இப்பள்ளத்தின் அயலிலே எழுந்தமை தற்செயலன்று. வயலுக்கு நீரும், கலத்துக்குக் களியும், கடலுக்கு வழியும் ஒருங்கே கிடைத்த இடம் இது.

கந்தரோடையை அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் சிவில் சேவை உத்தியோகத்தராகவிருந்த போல் பீரிஸ். 1917-இலும் 1919-இலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகள், அங்கே கிடைத்த நாணயங்களையும் செப்பு மைக்கோல்களையும் மணிகளையும் தூபிகளையும் பற்றிப் பேசின. 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தைச் சேர்ந்த குழுவினர் அங்கே அகழ்ந்தனர். கருப்பு சிவப்பு மட்கலங்களும், அவற்றுக்கு மேற்பட்ட படைகளில் கடல்கடந்த வணிகத்தைக் காட்டும் மெல்லிய சக்கரக்கோட்டுக் கலங்களும் வெளிப்பட்டன. பத்தாண்டு கழித்து, 1980-இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் அவர்தம் குழுவினரும் ஆனைக்கோட்டையில் ஈமப் புதைகுழிகளை ஆராய்ந்தனர். அங்கே கிடைத்த சிறு முத்திரையில் பிராமி எழுத்தில் 'கோவேத' என்றிருப்பதாக வாசித்தனர். இரகுபதி குடாநாடெங்கும் நடந்து திரட்டிய செய்திகள் 1987-இல் நூலாயின.

இவ்வளவு உழைப்பின் பின்னரும் கந்தரோடையைப் பற்றிய பொதுப்பேச்சு எதைச் சுற்றி நடைபெறுகிறது? அங்குள்ள சிறு தூபிகள் சிங்களவருடையனவா, தமிழருடையனவா என்பதைச் சுற்றியே. இரு தரப்பிலும் பேரினவாதமும் குறுகிய இனப்பெருமையும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன: இம்மண்ணின் உரித்தாளர் யார்? இம்மண்ணைப் பிசைந்தவர் யார் என்று கேட்பாரில்லை.

தொல்லியலாளரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர்கள் மணியை எடுத்து அளந்து, வகைப்படுத்தி, அதன் மூலப்பொருள் எங்கிருந்து வந்ததென்று கண்டறிகிறார்கள். சூதுபவளமென்றால் குஜராத்து என்பர். கண்ணாடியென்றால் அதன் இரசாயனச் சேர்க்கையைக் கொண்டு எந்தக் கரை என்பர். இவ்வாறு ஒவ்வொரு மணியும் ஒரு வணிகப் பாதைக்குச் சாட்சியாகிவிடுகிறது. மணி நடந்த வழி துலங்குகிறது. மணி பிறந்த வீடு துலங்குவதில்லை. அதிலும் உள்ளூர்க் களியில் செய்த சுடுமண் மணி எந்த வணிகப் பாதைக்கும் சாட்சி சொல்லாத காரணத்தால், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'சிறு பொருள்கள்' என்னும் தலைப்பின் கீழ், ஓர் எண்ணிக்கையாக ஒதுங்கிவிடுகிறது.

ஆனால் அந்தச் சுடுமண் மணியே நம் கேள்விக்கு விடைதரும் மணி. கல்மணியைத் துளையிடக் கைதேர்ந்த கம்மியன் வேண்டும். கண்ணாடி மணிக்கு உலைக்களம் வேண்டும். மண்மணிக்குக் கூரைத் தாழ்வாரமும் ஒரு சட்டி நீரும் போதும். தென்னிந்தியாவின் ஆதிச் சரித்திரக் களங்கள் பலவற்றில் அது கிடைத்திருக்கிறது. வைகைக் கரையில் கீழடியில் 2015 முதல் தொடர்ந்து நடைபெற்ற அகழ்வுகளிலும், கண்ணாடி மணி, சூதுபவள மணி ஆகியவற்றோடு சுடுமண் மணிகளும் தக்களிச் சில்லுகளும் வெளிவந்தன. தொல்லியலாளர் அவற்றுள் ஒரு வகைக்குப் பாக்கு மணி என்றே பெயரிட்டிருக்கின்றனர், கொட்டைப்பாக்கின் வடிவம். துளையுள்ள மண்ணுருண்டை ஒன்று கிடைத்தால், அது கழுத்துக்கானதா, நூற்கும் தக்களிக்கானதா, மீன்வலையின் அடிக்கானதா என்று ஆய்வாளர் தடுமாறுவதும் உண்டு. செய்தவருக்கு அத்தடுமாற்றம் இருந்திருக்காது. அலங்காரமும் நூற்பும் மீன்பிடியும் ஒரே முற்றத்தில் நடந்த வாழ்க்கையின் பொருள்கள் அவை.

அம்முற்றத்திலே வேலை எப்படி நடந்திருக்கும்? ஊகத்தில் இறங்க வேண்டியதில்லை. களிமண்ணின் இயல்பு இரண்டாயிரம் ஆண்டுகளில் மாறிவிடவில்லை. இன்று ஒருவர் வீட்டிலே மணி செய்யப் புகுந்தாலும், அன்றைய கைகள் செய்ததையே செய்தாக வேண்டும்.

முதலில் களி வெட்டிக் கொணர்ந்து காயவைத்து இடிக்க வேண்டும். நீரில் ஊறவைத்துக் கரைத்து, கல்லும் வேரும் போக அரித்து, தெளிந்த நீரை வடித்து, அடியில் தங்கும் குழைவை ஈரச்சாக்கால் மூடிச் சில நாள் வைக்க வேண்டும். நாள் செல்லச் செல்ல மண்ணுக்கு இழுவை கூடும். பின்பு காற்றுக்குமிழ் ஒன்றுகூட உள்ளே தங்காதபடி பிசைய வேண்டும். பாக்களவு கிள்ளி, இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் உருட்டி, சற்று இறுகவிட வேண்டும். துளையிடுவதே நுட்பமான கட்டம். மண் ஈரமாக இருந்தால் ஈர்க்கைக் குத்தும்போது உருண்டை நசுங்கும், காய்ந்துவிட்டால் வெடிக்கும். தோலைப்போல் இறுகிய பதத்தில், ஒரு பக்கத்திலிருந்து பாதியும் மறுபக்கத்திலிருந்து பாதியுமாக ஈர்க்கைத் திருகிச் செலுத்த வேண்டும். ஒரே குத்தாகக் குத்தினால் மறுபக்கத்தில் பிசிறு எழும். அப்பிசிறு சுட்டபின் கூராகி நூலை அறுக்கும். காய்கையிலும் சுடுகையிலும் களிமண் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சுருங்கும். துளையும் உடன் சுருங்குமாதலால், நூலின் பருமனை விடச் சற்று அகலமாகவே இட வேண்டும். நிழலில் உலர்த்தி, கூழாங்கல்லால் அல்லது கடினமான விதையொன்றால் தேய்த்தால் மேனியில் மினுக்கம் ஏறும்.

எஞ்சியது சூளை. உள்ளே துளி ஈரம் நின்றாலும் ஆவியாகி மணியை உடைத்தெறியும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் தீயை அடக்கி வளர்க்க வேண்டும். வைக்கோல், வரட்டி, பொச்சு, பனை மட்டை ஆகியவற்றைக் கொண்டு மூட்டும் திறந்த சூளையிலே 600 முதல் 800 பாகை வரை வெப்பம் எழும். காற்று தாராளமாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு செந்நிறம் காட்டும். புகையை அடைத்து மூச்சுத் திணறவைத்தால் மணி கருக்கும். கருப்பு சிவப்புக் கலங்களின் இரகசியமும் இதுவே. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கருப்பாகின்றன, வெளிப்புறம் சிவக்கிறது. கண்ணாடி மெருகு பூசிய மணிக்கு இன்னொரு தொல்லையுண்டு: மெருகு உருகும்போது தொட்டதோடு ஒட்டிக்கொள்ளும். ஆதலால் இக்காலத்து மின்சூளைகளில் வெப்பந் தாங்கும் கம்பியில் கோத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டுச் சுடுகிறார்கள்.

இவ்வேலையின் தன்மையில் ஒன்றை வாசகர் கவனிக்க வேண்டும். சூளை நீங்கலாக, இதில் எந்தக் கட்டமும் இடையில் நிறுத்தப்படக் கூடியது. உலை கொதிக்கும்வரை இருபது மணி உருட்டலாம். குழந்தை அழுதால் ஈரத்துணியால் மூடிவிட்டு எழுந்து போகலாம். மாடு கட்டவும் தண்ணீர் அள்ளவும் போய்வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிள்ளைகளும் கூட இருந்து உருட்டலாம், முதியவர் துளையிடலாம். சக்கரத்தில் கலம் வனைபவன் அப்படி எழுந்து போக முடியாது. மணி வேலை குடும்ப வாழ்க்கையின் இடுக்குகளில் நுழைந்து நிற்கக்கூடிய வேலை. அதனாலேயே அது பெண்களுடைய வேலையாயிற்று என்பது நமது துணிபு. அதனாலேயே அதனை எவரும் வேலையென்று எண்ணாமலும் விட்டனர்.

குயவர் குடும்பங்களின் வழக்கம் இதற்குத் துணையான சான்று. இத்துணைக்கண்டத்தின் பெரும்பகுதியில் பெண்கள் மண் அரிக்கலாம், பிசையலாம், தட்டுப்பலகையால் கலத்தைத் தட்டி மெலிதாக்கலாம், பூசலாம், சந்தைக்குச் சுமக்கலாம். சக்கரத்தை மட்டும் தொடலாகாது. சக்கரம் புனிதமென்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சக்கரமே உற்பத்திக் கருவி என்பதையும், கருவி யார் வசமோ அவர் பெயரே தொழிலுக்கு நிலைக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அப்புனிதத்தின் உலகியல் அடிப்படை விளங்கும். மணிப்பூரில் அந்திரோ, தொங்ஜாவ் ஆகிய ஊர்களில் சக்கரமே இல்லாமல் பெண்கள் கலம் வனைகிறார்கள். அங்கே தொழில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

கண்ணாடி மணிக்கு வருவோம். குன்றிமணியிலும் சிறிய ஒற்றைநிறக் கண்ணாடி மணிகள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்டு, கிழக்கே கொரியா வரையும் மேற்கே தென்னாபிரிக்கா வரையும் பரவின. இவற்றுக்கு இந்து பசுபிக் மணிகள் என்று பெயரிட்ட பீற்றர் பிரான்சிஸ், புதுச்சேரிக்கு அருகே 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டை அவற்றின் தாயகங்களுள் ஒன்றாகக் கண்டார். நமது மாந்தையில், திருக்கேதீச்சரத்தின் அயலில், ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் 1980 முதல் நடந்த அகழ்வுகளிலும் மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. 1984-இல் போர்ச்சூழல் அவ்வகழ்வை நிறுத்திற்று; அறிக்கை நூலாக வெளிவர 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு மணியின் வரலாறுகூட இந்நாட்டிலே போருக்குத் தப்பவில்லை.

அந்தப் பழைய முறை ஆந்திரத்தில், திருப்பதிக்குக் கிழக்கே, பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது. உருகிய கண்ணாடித் திரளை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் சேர்த்து, உள்ளே பொள்ளல் வைத்து, சூளையின் வாயிலிருந்து கையால் மணிக்கணக்கில் இழுப்பார்கள். வெளிவரும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைத் துண்டுதுண்டாய் வெட்டி, துளை அடைபடாதிருக்கச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றினால் கூரிய ஓரங்கள் மழுங்கும். சூளையின் முன்னே ஆண்கள். இழுப்பவருக்குப் பெயருண்டு, கூலியுமுண்டு. அதற்குப் பின்னான சலித்தலும் பொறுக்கலும் கோத்தலும் வீடுகளுக்குப் பிரிந்து போயின, பெண்கள் கோத்தார்கள். ஆயிரம் மணிக்கு இவ்வளவு என்னும் துண்டுக்கூலி முறை வீட்டினுள் நுழையுமிடம் இது. வேலை செய்பவர் வீட்டிலேயே இருப்பதால் இடவாடகை முதலாளிக்கு மிச்சம், விளக்கு மிச்சம், பிள்ளையின் கையும் இலவசம்.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் (1867) நவீன வீட்டுத்தொழிலைப் பற்றி எழுதுகையில், இங்கிலாந்தில் சரிகைப் பின்னல் வேலை செய்த வீடுகளையும், வைக்கோல் பின்னச் சிறுகுழந்தைகளைப் பழக்கிய 'பள்ளிகளையும்' விரிவாகக் காட்டினார். ஆலையின் எதிர்ப்பதம் வீடு என்று அக்காலத்துப் பொருளாதாரிகள் எண்ணினர்; வீடு ஆலையின் வெளிப்புறத் தாழ்வாரம் என்பதை அவர் விளக்கினார். வெனிஸ் நகரத்தின் நிலை இன்னும் பொருத்தமானது. ஐரோப்பிய வணிகர்கள் ஆபிரிக்காவில் மனிதரையும் யானைத் தந்தத்தையும் வாங்கக் கைமாற்றிய கண்ணாடி மணிகளிற் பெரும்பகுதி வெனிஸில் ஆனவை. அவற்றைக் கோத்தவர்கள் 'இம்பிராரெஸ்ஸே' எனப்பட்ட ஏழைப் பெண்கள். மணி நிறைந்த மரத்தட்டை மடியில் வைத்து, விசிறிபோல் விரித்துப் பிடித்த நீண்ட ஊசிகளை அதனுள்ளே வீசி வீசிக் கோப்பார்கள். சந்துகளிலும் வீட்டு வாசல்களிலும், பிள்ளைகளைக் காலடியில் விளையாடவிட்டபடி வேலை நடக்கும். உல்லாசப் பயணிகளுக்கு அது அழகிய காட்சி. ஓவியர்கள் அதைத் தீட்டிப் புகழ்பெற்றனர். 1904-இல் அப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், தொழிற்சாலை வாசலைக் காணாத தொழிலாளரும் தொழிலாளரே என்பதை நகரம் உணர்ந்தது.

வீட்டுப் பட்டறை இனிமையானதென்று கனவு காண்போர் குஜராத்தின் கம்பாத்தையும் பார்க்க வேண்டும். சூதுபவளமும் அகேட் கல்லும் மணியாகும் அவ்வூரில், கல்லைத் தீட்டும் சக்கரம் வீட்டின் தாழ்வாரத்திலேயே சுழன்றது. எழும் சிலிக்காத் தூசி தீட்டுபவரின் நுரையீரலோடு அடுப்படியில் நின்றவரின் நுரையீரலையும் அடைந்தது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுகள், அங்கே சிலிக்கோசிஸ் நோயின் கொடுமையை எடுத்துக் காட்டின. களிமண்ணிலும் சிலிக்கா உண்டு. மண் வேலை நடக்கும் வீட்டைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈயம் கலந்த மெருகு பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இருக்கவே கூடாது. கைத்தொழில் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இதனை முதற்பாடமாக வைப்பது நன்று.

தமிழில் மணி என்னும் சொல் இரத்தினத்தையும் நெல்லின் பருக்கையையும் கோயிலில் ஒலிப்பதையும் நாளின் கூறையும் ஒருங்கே குறிக்கும். மொழி இப்படித் தாராளமாக இருந்தாலும், சமுதாயம் மணியை வழங்குவதில் தாராளமாக இருக்கவில்லை. யார் எதை அணியலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. சங்கப் பாடல்களில் கொடுமணத்தின் அணிகலனைப் பதிற்றுப்பத்து சிறப்பித்துக் கூறுவதைப் பள்ளியில் படிக்கிறோம். 1985 முதல் நடந்த அகழ்வுகள், கொடுமணல் மெய்யாகவே மணிப் பட்டறை நகரம் என்று நிறுவின. அப்பட்டறையில் குனிந்திருந்தவர்கள் அம்மணியை அணிந்தார்களா என்னும் கேள்விக்கு, பிற்காலச் சரித்திரம் தரும் விடை கசப்பானது.

திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. கல்லாலும் கண்ணாடியாலுமான மணிமாலைகளையே அணிய வேண்டும். அது அலங்காரமன்று, தூரத்திலேயே சாதியை அறிவிக்கும் விலங்கு. ஐயன்காளியின் இயக்கம் அதை அறுத்தெறியச் சொன்னது. 1915 அக்டோபரில் பெரிநாட்டில் கூட்டத்தின் மீது மேல்சாதியார் தாக்குதல் நடத்தினர், குடிசைகள் எரிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் பெண்கள் தம் கழுத்து மாலைகளை அறுத்து மேடையின் முன் குவித்தனர். கல்லுமாலைப் போராட்டம் என்று கேரளம் அதனை இன்றும் நினைவுகூர்கிறது. உலகின் மணி வரலாற்றில் இந்தக் குவியலுக்கு ஈடான அருங்காட்சிப் பொருள் வேறுண்டா என்று நாம் அறியோம். அதில் ஒரு மணியையேனும் பாதுகாக்க வேண்டுமென்று அன்று எவருக்கும் தோன்றியிருக்காது.

இராமநாதபுரத்தில் 1930-இல் ஆதிதிராவிடர் மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளில், பொன் வெள்ளி நகை அணியலாகாது என்பது ஒன்று. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கலாகாது என்பது இன்னொன்று. மண்ணைப் பற்றிக் கவிதை பாடுவோர் இதனை மறக்கலாகாது. விரும்பி எடுக்கும் மண் வேறு, கையில் திணிக்கப்படும் மண் வேறு. யாழ்ப்பாணம் இதில் சளைத்ததன்று. இங்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேலாடையும் நகையும் மறுக்கப்பட்டன. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராகவிருந்த ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924-இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்தது. எனினும், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிகளில் சமமாக அமர்த்தும் உத்தரவு வந்தபோது, அதனைப் பொறுக்காதோர் பள்ளிக் கொட்டில்களுக்கே தீ வைத்தனர்.

தமிழகத்தில் பாசிமணி என்றால் நரிக்குறவர் நினைவுக்கு வருவர். புகைவண்டி நிலையத்தின் ஓரத்திலும் கோயில் வாசலிலும் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்து மணி கோப்பார்கள். அவர்களுக்கு வீடும் பட்டறையும் கடையும் அந்தத் தெருவோரமே. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். கோரிக்கையின் வயதோ பல தசாப்தங்கள்.

இனி, மண்மணியே பெருந்தொழிலான ஓர் இடத்தைக் காண்போம். கென்யாவில், நைரோபியின் புறநகரான கேரனில், சூசன் வுட் என்னும் பெண்மணி 1975-இல் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் களிமண் மணி செய்யத் தொடங்கினார். துணை நின்றவர்கள் இருவர். கணவரின்றிப் பிள்ளை வளர்த்த தாய்மார். அவர்களைப் போல வேலை தேடுவோர் எத்தனையோ பேர் என்பது விரைவிலேயே தெரியவந்தது. 'கசூரி' என்று பெயர். சிறியதும் அழகியதும் என்பது சுவாகிலி மொழியில் அதன் பொருள். உருட்டுதல், துளையிடல், சூளை, மெருகு, மறுசூளை என்று எல்லாம் கையால். நாளடைவில் முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் தொழிலகமாயிற்று. இதில் நாம் மெச்சுவது எதை? உருட்டும் கை ஒரு கூரையின் கீழ்ச் சம்பளப் பதிவேட்டில் ஏறியதை. நிறைவில்லாதது எது? மணி விற்கும் நிறுவனம் தனியாருடையது. உருட்டுவோருக்கு அதில் உடைமை இல்லை. வீட்டுக் கொட்டகையிலிருந்து கூலிக்கு வந்தது ஒரு படி முன்னேற்றம். கூலியிலிருந்து கூட்டுடைமைக்குப் போவது அடுத்த படி.

அந்த முதற்படியே எவ்வளவு கடினம் என்பதை அகமதாபாத்தின் 'சேவா' சங்கத்தின் வரலாறு காட்டும். எலா பட் 1972-இல் அதனைத் தொழிற்சங்கமாகப் பதியச் சென்றபோது அதிகாரிகள் மறுத்தனர். முதலாளி என்று சுட்டிக்காட்ட ஒருவன் இல்லாத இடத்தில் சங்கம் யாரை எதிர்த்து என்பது அவர்கள் வாதம். சங்கம் எதிர்ப்பதற்கு மட்டுமன்று, கூடுவதற்கும்தான் என்று வாதாடிப் பதிந்துகொண்டார்கள். 1996-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வீட்டுவேலை குறித்த 177-ஆம் சமவாயத்தை நிறைவேற்றியதில் இத்தகைய சங்கங்களின் பங்கு பெரிது. வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவருக்கும் ஏனைய தொழிலாளருக்கும் சமநடத்தை என்பதே அதன் சாரம். உழைக்கும் பெண்களைப் பற்றி ஓயாமல் பேசும் இலங்கை அரசும் இந்திய அரசும் அதனை ஏற்று உறுதிசெய்தோர் வரிசையில் இல்லை.

குடாநாட்டின் பெண்களுக்கு வீட்டுத்தொழில் புதிதன்று. பனையோலைப் பெட்டி, கடகம், பனாட்டு, ஒடியல் என்று பருவந்தோறும் கை ஓயாத உற்பத்தி நமது முற்றங்களில் நடந்து வந்திருக்கிறது. 1978-இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை அதற்கு ஓரளவு சந்தையும் தந்தது. 2009-இல் போர் முடிந்தபின் குடும்பப் பொறுப்பைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பெருகினர். அவர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் காட்டிய வழி 'சுயதொழில்'. சுயதொழிலுக்குப் பின்னால் நுண்கடன் வந்தது. கடனுக்குப் பின்னால் வாராவாரம் வாசலில் வசூலிப்பவர் வந்தார். நிலைமை முற்றியதால், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறுகடன்களின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக 2018-இல் அரசே அறிவிக்க நேர்ந்தது. தன் வீட்டில், தன் கையால், தன் நேரத்தில் செய்கிறாள் என்பதற்காகச் சுயதொழில் என்கிறார்கள். மூலப்பொருளின் விலையும் விற்பனை விலையும் வட்டியும் பிறர் கையில் இருக்கும்போது, 'சுய' என்பது அவளிடம் எஞ்சும் நட்டத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. பெட்டி இழைப்பவருக்கும் மணி உருட்டுபவருக்கும் தேவை கடனன்று. களியும் ஓலையும் வாங்கி, சூளையைப் பொதுவில் வைத்து, விலையைக் கூடி நிர்ணயிக்கும் கூட்டுறவு. வடபகுதியிலே கூட்டுறவு இயக்கத்துக்கு நெடிய மரபுண்டு. அதைக் கொண்டு செய்ய முடியாத காரியமன்று இது.

வலிகாமத்துப் பள்ளிகளில் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். மாணவரைக் கந்தரோடைக்கு அழைத்துச் சென்று தூபிகளைக் காட்டியபின், அன்று மாலையே ஆளுக்குப் பத்து மணி களிமண்ணில் உருட்டச் சொல்லுங்கள். ஈர்க்கால் துளையிட்டு, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, பொச்சும் வரட்டியும் கொண்டு பள்ளி வளவின் மூலையில் சுடுங்கள். மண் இடித்த நேரம், நீர் அள்ளிய நேரம், விறகு பொறுக்கிய நேரம், உருட்டிய நேரம், உடைந்த மணிகளின் தொகை எல்லாவற்றையும் அவர்களே கொப்பியில் குறிக்கட்டும். பின்பு ஒவ்வொருவரும் வீடு சென்று, தாயார் அன்று விடிந்ததிலிருந்து செய்த வேலைகளையும் அவற்றுக்கு எடுத்த நேரத்தையும் அதே கொப்பியில், அடுத்த பத்தியில் எழுதிக் கொண்டுவரட்டும். இரண்டு பத்திகளையும் கரும்பலகையில் கூட்டிப் பார்ப்பதற்கு ஒரு பாடவேளை போதாது. இரண்டை ஒதுக்கி வையுங்கள்.